மூன்றாம் வகுப்பு கடைசி பெஞ்சில் அம்மாவும் உட்காரணுமாம்: என்ன செய்யலாம்?

மேல்புறத்து அம்மா | ஜூன் 24, இரவு 10.15

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி, ஆங்கில வழிப் பிரிவு. பள்ளியின் பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போகணும். நாலு வயதில் திருவனந்தபுரத்தில் கொண்டு காட்டினோம். ஆட்டிசம், லேசான வகை என்றார்கள். பேசுவான். ஆனால் கேட்டதற்குப் பதில் வராது, அவன் மனதில் ஓடுவதுதான் வரும். சத்தம் ஆகாது. பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். பெரிய மழை பெய்து தகரக் கூரை அதிர்ந்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. நம்ம ஊரில் ஜூன் மாதம் மழை பெய்யாத நாள் எது?

ஒன்றிலும் இரண்டிலும் இருந்த டீச்சர் எப்படியோ அவனைக் கொண்டுபோய்விட்டார். அவர் மாற்றலாகிப் போனார். இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாம் வாரமே கூப்பிட்டு, "இவனுக்கு ஏற்ற பள்ளி நாகர்கோவிலில் இருக்கு, அங்கே சேருங்க. இல்லேன்னா நீங்க தினமும் வந்து கூடவே உட்காருங்க" என்றார்கள். நான் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) கணக்கு எழுதுகிறேன். அவன் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், மழையில் அந்த வேலையும் இல்லை. ஒரு வாரம் லீவு போட்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு பிள்ளைகளும் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கமே திரும்பவில்லை. நான் இருந்தது அவனுக்கு உபத்திரவம்தான் என்று தோன்றியது.

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஆபீஸுக்குக் கூட்டிப்போனால் முந்திரிப் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தே இது 240, இது 320 என்று பிரித்து வைப்பான். (ஒரு ராத்தலுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது.) தரம் பிரிக்கும் அக்காமாரே அசந்துபோனார்கள்.

அம்மா வந்து உட்காரணும் என்று பள்ளி சொல்லலாமா? இல்லை, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றுவதுதான் நல்லதா? சுற்றத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வக்கீல் குமாஸ்தா | ஜூன் 24, இரவு 10.52

சொல்ல முடியாது அம்மா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைக் குறித்து வையுங்கள். பிரிவு 16: அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். பிரிவு 31: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ. எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்குத்தான்.

ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். நம் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவச் சபை நடத்தும் பள்ளிகள் அதிகம். "நாங்கள் சிறுபான்மைப் பள்ளி, கல்வி உரிமைச் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று சொல்வார்கள். 2009 சட்டத்தைப் பொறுத்தவரை அது சரிதான், 2014-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பு சொன்னது. ஆனால் நான் சொல்வது வேறு சட்டம். இரண்டையும் குழப்பித்தான் கை விரிப்பார்கள்.

ஒப்புகையோடு, பதிவு செய்த விரைவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு.

ஈராசிரியர் பள்ளி டீச்சர் | ஜூன் 25, காலை 6.10

குமாஸ்தா சார், சட்டம் சரி. ஆனால் பதிவுத் தபால் போன மறுநாள் காலை அந்தப் பிள்ளையும் அந்த வகுப்பு டீச்சரும்தான் ஒரே அறையில் இருப்பார்கள், நீங்களும் நானும் இருக்க மாட்டோம். அதையும் யோசிக்க வேண்டாமா?

நான் அரசுத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று தட்டாகப் பிரித்து வைத்துப் பாடம் நடத்துகிறேன். நடுவில் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவு, சத்துணவு, பெற்றோர் வருகை. என்னிடம் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், மூன்றாம் வருடமும் அரும்பிலேயே இருக்கிறாள். அவளுக்கு நான் போதிய நேரம் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரியும். ராத்திரி படுக்கும்போது அது வந்து நிற்கும்.

மேல்புறத்து அம்மா, உங்கள் மகனின் டீச்சர் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். பயந்திருப்பார். பிள்ளை வெளியே ஓடி ரோட்டில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்கிற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தைத் தணிக்கும் மாதிரி ஏதாவது கையில் கொண்டுபோனால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

சுசீந்திரம் அப்பா | ஜூன் 25, காலை 9.30

கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன்.

என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு. இரண்டு வருடம் சாதாரணப் பள்ளியில் விட்டோம். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லோரும் "பாப்பா, பாப்பா" என்று கொஞ்சினார்கள். இரண்டு வருடமும் ஒரே மயில் படத்துக்கு வண்ணம் அடித்தாள். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பிறகு சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். ஆறு மாதத்தில் தானே சட்டைப் பட்டன் போட்டாள், பாத்ரூம் போகணும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

"எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கணும்" என்று மேடையில் பேசுபவர்கள் ஒரு நாள் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். அம்மா, உரிமையை நிலைநாட்டப் போய்ப் பிள்ளையின் வருடங்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

இரணியலான் | ஜூன் 25, பகல் 1.05

சுசீந்திரம் அண்ணாச்சிக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு.

எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். நடை கோணல், கை நடுக்கம், பேச்சு இழுக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில்தான் படித்தேன், 2006-ல் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு நான் சொல்லச் சொல்ல ஒரு ஆசிரியர் எழுதினார். இன்றைக்கு நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் வேலை. என் பேச்சு மற்றவர்களுக்குப் புரிகிறது என்றால் அதற்குக் காரணம் என் கூட்டாளிகள். நான் சொல்வது புரியும் வரை விடமாட்டான்கள், "எலே, இன்னொரு மட்டம் சொல்லு" என்பான்கள். அந்தப் பயிற்சியை எந்தச் சிகிச்சை மையமும் எனக்குத் தந்திருக்காது.

ஆனால் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. பத்து வருடம் நான் பள்ளியில் தண்ணீர் குடித்ததில்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் சாயா, அதோடு சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வந்துதான் அடுத்தது. கழிப்பறை மூன்று படிக்குக் கீழே, வழுக்கும், பிடிக்க ஒன்றும் கிடையாது. ஒருதடவை விழுந்தேன், அதன் பிறகு போகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது பல பள்ளிகளிலும் வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். அதுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குலசேகரம் மாமன் | ஜூன் 25, பகல் 2.20

எல்லாம் மொபைல் கொடுத்ததால் வருவது. எங்கள் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் ஏது?

இரணியலான் | ஜூன் 25, பகல் 2.24

மாமா, உங்கள் காலத்தில் அந்தப் பிள்ளைகள் வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். நான் பிறந்தபோது எங்கள் ஊரில் மொபைலும் இல்லை.

பைக் சிறப்பாசிரியர் | ஜூன் 25, இரவு 9.45

இழையை இப்போதுதான் பார்த்தேன். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். எந்த வட்டாரம் என்று சொல்லவில்லை. ஒன்பது வட்டாரத்திலும் கதை ஒன்றுதான்.

முதலில், மேல்புறத்து அம்மா, யாரும் சொல்லாத ஒரு கேள்வி. பள்ளி எமிஸில் உங்கள் மகனைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்று ஏற்றியிருக்கிறார்களா? அதில் இல்லாவிட்டால் எங்களைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை இல்லை. பட்டியலில் வராது, முகாமுக்கு அழைப்பு வராது, நான் அந்தப் பள்ளிக்குள் போனாலும் அவனைப் பார்க்க மாட்டேன். உதவி பெறும் பள்ளியானாலும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் அவனுக்கு இடம் உண்டு. நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். சண்டை போட வேண்டிய விஷயம் இல்லை இது, ஐந்து நிமிட வேலை.

அடுத்தது சான்றிதழ். திருவனந்தபுரத்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அது சான்றிதழ் ஆகாது. நம் மாவட்டத்திலேயே மதிப்பீடு செய்து அடையாள அட்டை வாங்கணும். வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடக்கும்போது போகலாம், இல்லாவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே போகிறவர்கள் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம், காதை மூட ஒரு துண்டு, ரெண்டும் பையில் இருக்கட்டும். காத்திருக்கும் இடத்தில் கூட்டமும் சத்தமும்தான் பாதிப் பிள்ளைகளைக் கலைத்துவிடும், உள்ளே போகும்போது டாக்டர் பார்ப்பது அழுது களைத்த பிள்ளையை.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நான் பதினைந்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே பைக்கில் போகிறேன். அதுவும் தொகுப்பூதியம். ஒரு பள்ளிக்கு மாதத்தில் ரெண்டு நாள் போனால் அதிகம். போகும் நாளில் பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்து அரை மணி நேரம் படம் காட்டிவிட்டு வந்தால் பதிவேட்டில் கையெழுத்து கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. மீதி இருபது நாளும் அவன் வகுப்பு டீச்சரோடுதான் இருக்கிறான். அதனால் இப்போதெல்லாம் நான் பிள்ளையோடு பாதி நேரம், டீச்சரோடு பாதி நேரம் உட்கார்கிறேன். மேலே கேட்டால் என்ன சொல்வார்களோ, போகட்டும்.

அரைப் பக்கத்துக்கு ஒரு தாள் எழுதுங்கள். பிள்ளையைப் பற்றி மூன்று வரி, டீச்சர் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. நாலாவது எழுதினால் எதுவும் நடக்காது, அனுபவத்தில் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக: (1) பெல் அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவன் தோளைத் தொட்டுச் சொல்லிவிடுவது. (2) அன்றைய நாளின் வரிசையைப் படமாக அவன் பெஞ்சில் ஒட்டுவது: பிரார்த்தனை, கணக்கு, இடைவேளை, தமிழ், சாப்பாடு. முடிந்ததை அவனே கிழித்துப் போடலாம், அல்லது திருப்பி வைக்கலாம். (3) பத்துக் கணக்குக்குப் பதில் நாலு கணக்கு. அந்த நாலையும் முடித்தால் எழுந்து ஒரு வேலை: சாக்பீஸ் கொண்டுவருவது, நோட்டுகளைப் பக்கத்து வகுப்பில் கொடுப்பது. ஓடுகிற பிள்ளைக்கு ஓட ஒரு காரணம் கொடுத்துவிட்டால் ரோட்டுக்கு ஓடுவது குறையும்.

தாளின் கீழே உங்கள் போன் நம்பர். "இவன் கலைந்தால் இருபது நிமிடத்தில் ஒரு ஆள் வந்துவிடும்" என்று எழுதுங்கள், ஆள் யார் என்பதையும் எழுதுங்கள். டீச்சரக்கா மேலே சொன்ன பயத்துக்கு மருந்து அந்த வரிதான்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர் | ஜூன் 25, இரவு 10.20

பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். எங்கள் பெண்ணுக்கு ஒரே பிள்ளையைத் துணையாக வைத்தேன், பாவம் அந்தப் பிள்ளை ரெண்டு மாதத்தில் சலித்துவிட்டது. இப்போது வாரத்துக்கு ஒரு ஆள் என்று முறை வைத்திருக்கிறேன். அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

தக்கலை வீட்டுக்காரி | ஜூன் 26, காலை 11.00

கொஞ்சம் விலகி எழுதுகிறேன், ஆனாலும் இந்த இழைக்கு உரியதுதான். மேல்புறத்து அம்மாவின் மகனுக்குப் போல வெளியே தெரியாத குறை உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மகளுக்கு வாசிப்பதில் சிரமம். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். எழுதச் சொன்னால் "கொடி" என்பது "கெடி" ஆகும், "ஒட்டகம்" "ஓட்டகம்" ஆகும். நம் எழுத்தில் ஒரு சள்ளை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? "கொ" என்று எழுத கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், சத்தமோ அந்த ரெண்டும் சேர்ந்து கடைசியில் வரும். கண் ஒரு வரிசையில் போகும், காது வேறு வரிசையில் போகும். இவளைப் போன்ற பிள்ளைக்கு அது பெரிய மலை. ல, ள, ழ குழப்பத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அது நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு உண்டு, எனக்கும்தான்.

மூன்று வருடம் "சோம்பேறி" என்று பெயர். வீட்டிலும் சொன்னோம், நானும் அடித்திருக்கிறேன். எட்டு வயதுக்குப் பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்கு முறையாகச் சான்றிதழ் தருவார்கள் என்பதால் அதுவரை கையில் ஒன்றும் இல்லை. இப்போது சான்றிதழ் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடிப் பயனில்லை.

என் அக்கா மகனுக்குக் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும். சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் இது இல்லை. அவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது. வகுப்பில் அதிகமாக அடி வாங்குவது அவன்தான்.

அட்டை வாங்கினால் நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது என்று என் மாமியார் ஒரு மாதம் பேசவில்லை. பெண் பிள்ளை வேறு. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மேல்புறத்து அம்மா | ஜூன் 26, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. எமிஸில் ஏற்றவில்லை. இன்றைக்குக் கேட்டேன். "நீங்கள் சான்றிதழ் தரவில்லையே" என்றார்கள், "நீங்கள் கேட்கவில்லையே" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு கேள்வி. திருவனந்தபுரத்தில் பேச்சுப் பயிற்சி மலையாளத்தில். வீட்டில் நம்ம தமிழ். பள்ளியில் ஆங்கிலம். ஏதாவது ஒரே மொழியில் பேசுங்கள், ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு ஆங்கிலம் வராது. நான் அவனோடு என்ன பேசுவது?

பேச்சுப் பயிற்சிக்காரி | ஜூன் 26, இரவு 11.30

உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். வீட்டு மொழியை நிறுத்தினால் பேச்சு வேகமாக வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உங்களுக்கு வராத ஆங்கிலத்தில் பேசினால் அவனுக்குக் கிடைப்பது நாலு கட்டளை வாக்கியம்: கம், சிட், ஈட், ஸ்லீப். வேறென்ன?

விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. வீட்டில் கசேரை, புத்தகத்தில் நாற்காலி, பள்ளியில் சேர். ஒரு பொருளுக்கு மூன்று பெயர். சாதாரணப் பிள்ளை தானே பொருத்திக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் நியாயம் என்று தோன்றலாம், மற்ற ரெண்டையும் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. உடனே "சொன்னது புரியவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு பையனைப் பற்றி வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியர் "சம்பந்தமில்லாமல் பேசுகிறான், சும்மா சும்மா வெள்ளம், வெள்ளம் என்கிறான்" என்று குறிப்பு எழுதியிருந்தார். பிள்ளைக்குத் தாகம்! அவ்வளவுதான். நம் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு அதுதானே பெயர்.

அதனால் பைக் சார் சொன்ன அரைப் பக்கத் தாளின் பின்பக்கத்தில், அவன் அடிக்கடி சொல்லும் பத்து வீட்டு வார்த்தைகளையும் அவற்றின் அர்த்தத்தையும் எழுதிக் கொடுங்கள். டீச்சர் எந்த ஊர்க்காரரோ.

சுசீந்திரம் அப்பா | ஜூன் 27, காலை 7.15

வெள்ளம் கதையை வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் அந்த ரெண்டு வருடமும் என்ன கேட்டாளோ.

பைக் சாரிடம் ஒரு கேள்வி. இப்படி அரைப் பக்கத் தாளும் உங்களைப் போல ஒரு ஆளும் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்திருந்தால், என் மகள் அங்கேயே இருந்திருக்கலாமா?

பைக் சிறப்பாசிரியர் | ஜூன் 27, இரவு 8.50

தெரியாது அண்ணாச்சி. பட்டன் போடவும் பாத்ரூம் சொல்லவும் கற்றுக்கொண்டது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் சாதாரணப் பள்ளிதான் என்று நான் அடித்துச் சொல்வதில்லை. சில பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றிரண்டு வருடம் ஆயத்தப் பயிற்சி மையமோ சிறப்புப் பள்ளியோ, பிறகு ஊர்ப் பள்ளி என்று அமையும். வீட்டைவிட்டு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போகிறோம்.

மேல்புறத்து அம்மா கதையில் எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வருடம் நன்றாகப் போன பிள்ளை. டீச்சர் மாறினார், எல்லாம் போயிற்று. அந்த டீச்சர் என்ன செய்தார் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது, எதிலும் எழுதி வைக்கவில்லை. அம்மா, அவரிடம் போன் போட்டுக் கேளுங்கள்.

மேல்புறத்து அம்மா | ஜூலை 19, இரவு 9.40

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மழையில் ரெண்டு தடவை கரண்ட் இல்லை, ஒரு தடவை எனக்குக் காய்ச்சல்.

பழைய டீச்சரைக் கூப்பிட்டேன். "நான் ஒண்ணும் பெருசா செய்யலியே மக்களே" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். காலைப் பிரார்த்தனையில் மைக்குக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தவே இல்லையாம், வரிசையின் கடைசியில் வேப்ப மரத்தடியில் நிறுத்துவாராம். ஒன்று முதல் இருபது வரை சொல்லச் சொல்லாமல், எண்ண ஏதாவது கையில் கொடுப்பாராம். அவன் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி அதே வார்த்தைகளில் கேட்பாராம், வார்த்தையை மாற்ற மாட்டாராம். மாற்றினால் அவனுக்கு அது புதுக் கேள்வி.

இதையெல்லாம் ரெண்டு வருடம் எனக்கும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தாள் எழுதிக்கொண்டு போனேன். மூன்றே மூன்று. புது டீச்சர் வாசித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இருபது நிமிஷத்தில் ஆள் வருமா, உறுதியா?" என்றுதான் முதலில் கேட்டார். அவன் அப்பச்சி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், வருவார் என்றேன். சரி என்றார். தலைமை ஆசிரியர், "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார். பதிவுத் தபால் எழுதி வைத்திருக்கிறேன் குமாஸ்தா சார், பையில்தான் இருக்கிறது, அனுப்பவில்லை.

வக்கீல் குமாஸ்தா | ஜூலை 19, இரவு 10.05

பையிலேயே இருக்கட்டும். தேதி மட்டும் போடாதீர்கள்.

மேல்புறத்து அம்மா | ஆகஸ்ட் 22, பகல் 1.30

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு மாதம் ஆகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பச்சியை நாலு தடவை கூப்பிட்டார்கள். ஒரு தடவை பையன் ஒருவனைக் கடித்துவிட்டான், அந்த அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். படவரிசை முதல் வாரம் பிடித்தது, இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டான், பிறகு டீச்சர் அட்டையில் ஒட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார், அது நிற்கிறது. ஆசாரிபள்ளத்தில் மதிப்பீடு முடிந்தது, அட்டைக்குக் காத்திருக்கிறோம். எமிஸில் ஏறிவிட்டான். பைக் சார் வட்டாரத்தில் நாங்கள் இல்லை போலிருக்கிறது, எங்களுக்கு வருவது வேறு ஒரு மேடம். மாதம் ஒரு தடவை வருகிறார்.

போன வாரம் டீச்சரே போன் செய்தார். எண்ணுவதற்கு அவனுக்குப் புளியங்கொட்டை கொடுத்தாராம். முப்பது எண்ணு என்றால் எண்ணாமல் உட்கார்ந்திருந்தானாம். பெல் அடிக்கும் நேரம் போய்ப் பார்த்தால் பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம் என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தானாம். "இவன் என்ன செய்கிறான் அம்மா?" என்று கேட்டார். 240, 320 கதையைச் சொன்னேன். இப்போது மூன்று குவியலையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டச் சொல்கிறார். கூட்டுகிறான். மற்றப் பிள்ளைகளும் புளியங்கொட்டை கேட்கிறார்களாம். வீட்டிலிருந்து ஒரு படி கொடுத்துவிட்டேன்.

இரணியலான் | ஆகஸ்ட் 22, பகல் 1.48

நல்ல சேதி அக்கா. பள்ளிக்கூடத்தில் வெள்ளம் குடிக்கிறானா?

மேல்புறத்து அம்மா | ஆகஸ்ட் 22, இரவு 9.10

நீங்கள் கேட்ட பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன் தம்பி. நிறைத்து அனுப்பியது அப்படியே திரும்பி வந்திருக்கிறது. நாளைக்குப் போய்க் கழிப்பறையைப் பார்க்கிறேன்.

தூத்தூர் சகோதரி | ஆகஸ்ட் 23, காலை 8.00

இழையை இன்றுதான் வாசித்தேன். என் தம்பி மகனும் இதே மாதிரி, ஒன்றாம் வகுப்பு. அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், வீட்டில் நாங்கள் பெண்கள் மட்டும்தான். மேல்புறத்து அக்கா, அந்த அரைப் பக்கத் தாளைப் போட்டோ எடுத்து இங்கே போடுவீர்களா? பெயரை மறைத்துவிட்டுப் போட்டால் போதும்.